கையெழுத்துப் போட்டது யார்?

ஆட்சியில் இருக்கும் தலைவர் நோயில் விழுந்தால் நம் நாட்டில் மூன்று வாதங்கள் உடனே வரிசை கட்டி நிற்கும். நோய் அவரவர் சொந்த விஷயம், அதைத் துருவிக் கேட்பது அநாகரிகம் என்பது முதல் வாதம். நோயாளியின் ரகசியத்தைக் காப்பது மருத்துவரின் தொழில் தர்மம், அவரைப் பேசச் சொல்லக் கூடாது என்பது இரண்டாவது. உண்மை வெளியே வந்தால் ஊர் கொந்தளிக்கும், நிர்வாகம் குலையும் என்பது மூன்றாவது. கட்சிக்காரர்கள் மட்டும் இப்படிப் பேசினால் பொருட்படுத்த வேண்டியதில்லை. படித்தவர்களும் மருத்துவர்களும் இதையே பண்பாடு என்று நம்புகிறார்கள். அதனால்தான் மறுக்க வேண்டியிருக்கிறது. மருத்துவ ரகசியம் நோயாளிக்குக் கிடைத்த காப்பு. அதை எடுத்துப் பதவிக்குப் போர்த்தியவர்கள் நோயாளியையும் காக்கவில்லை, மக்களையும் மதிக்கவில்லை என்பதே என் வாதம்.

மருத்துவ ரகசியத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. அது இல்லாவிட்டால் மருத்துவமே நடக்காது. காசநோய் வந்த பெண், புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சினால் இருமலை மறைப்பாள். மருந்தைப் பாதியில் நிறுத்துவாள். எச்.ஐ.வி. தொற்று உள்ளவர் வேலை போய்விடும் என்று பயந்தால் பரிசோதனைக்கே வரமாட்டார். சொன்னது நாலு சுவருக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நோயாளி வாய் திறக்கிறார். தலைவர்களும் உடம்புள்ள மனிதர்களே. இந்த உரிமை அவர்களுக்கும் உண்டு.

பிரிவினையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடிக்கடி இழுக்கும் கதை ஒன்று இருக்கிறது. முகமது அலி ஜின்னாவின் நுரையீரல் நோய் முற்றியிருந்ததை பம்பாய் மருத்துவர் ஒருவர் அறிந்திருந்தார். அவர் அன்றே வெளியில் சொல்லியிருந்தால் மவுண்ட்பேட்டன் காலம் கடத்தியிருப்பார், நாடு உடைந்திருக்காது என்பார்கள். 1975இல் வந்த 'ஃப்ரீடம் அட் மிட்நைட்' நூல் வழியாகப் பரவிய கதை இது. ஜின்னா 1948 செப்டம்பர் 11 அன்று இறந்துபோனார். அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரிடம் வந்தவர் ஒரு நோயாளி; அன்று ஒரு கட்சியின் தலைவர், நாட்டை ஆளும் பொறுப்பில் இருந்தவர் அல்லர். அந்த எக்ஸ்ரே படம் வைசிராயின் மேசைக்குப் போயிருந்தால் அதற்குப் பெயர் உளவு. மருத்துவர் செய்தது வாய் மூடியிருந்தது மட்டும்தான். ரகசியம் காப்பது என்றால் அவ்வளவே.

ஆட்சியாளர்கள் விஷயத்தில் நடப்பது வேறு. அங்கே யாரும் வாய் மூடியிருப்பதில்லை. வாய் திறந்து பொய் சொல்கிறார்கள். பிரான்சின் அதிபர் பிரான்சுவா மித்தரான் கதையை இதற்கு உரைகல்லாகக் கொள்ளலாம்.

அவருக்கு முன்பிருந்த அதிபர்களில் ஒருவரான ஜார்ஜ் பொம்பிதூ, மக்களுக்கு முழு உண்மை சொல்லப்படாத நிலையில் 1974 ஏப்ரலில் பதவியிலேயே இறந்திருந்தார். அந்தக் கசப்பு நாட்டில் ஆறாதிருந்த நேரத்தில், 1981 மே மாதம் ஆட்சிக்கு வந்த மித்தரான், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன் உடல்நிலை அறிக்கையை வெளியிடுவதாக உறுதி கொடுத்தார். யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே புராஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டது, எலும்புக்கும் பரவியிருந்தது. அதை அரசு ரகசியமாக வைக்கும்படி அதிபர் சொன்னதாக அவருடைய மருத்துவர் கிளோட் குப்லர் பின்னர் எழுதினார். அறிக்கைகள் நிற்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எல்லாம் நலம் என்ற பொருளில், குப்லரின் கையெழுத்தோடு வந்துகொண்டே இருந்தன. 1988இல் பிரெஞ்சு மக்கள் அவரை இன்னும் ஏழு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். தாங்கள் தேர்ந்தெடுப்பது புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரை என்பது அவர்களுக்குத் தெரியாது. 1992 செப்டம்பரில் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகுதான் புற்றுநோய் என்ற சொல் மக்கள் காதுக்கு வந்தது.

மித்தரான் 1996 ஜனவரி 8 அன்று இறந்தார். அடுத்த வாரமே குப்லரின் புத்தகம் கடைக்கு வந்தது. குடும்பத்தார் நீதிமன்றம் போனார்கள், மறுநாளே தடை. அதற்குள் 40,000 படிகள் விற்றுவிட்டிருந்தன. தொழில் ரகசியத்தை மீறிய குற்றத்துக்காகக் குப்லருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தது குற்றவியல் நீதிமன்றம். மருத்துவர் பதிவேட்டிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது. பதிப்பகம் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. 2004 மே மாதம் அந்த நீதிமன்றம் நுணுக்கமான தீர்ப்பு ஒன்றைத் தந்தது. இறந்த சில நாட்களில், குடும்பம் துக்கத்தில் இருக்கும்போது விதித்த இடைக்காலத் தடை சரி. ஆனால் அதை நிரந்தரமாக்கியது கருத்துரிமை மீறல் என்றது. நாட்டின் தலைவருடைய உடல்நிலை பற்றிய விவாதத்தில் பொதுமக்களுக்கு உள்ள அக்கறை, காலம் செல்லச் செல்ல மருத்துவ ரகசியத்தைவிடக் கனம் கூடிவிடுகிறது என்பது அதன் பார்வை.

இந்த வழக்கைச் சொல்லி, 'பார்த்தீர்களா, ரகசியத்தை உடைத்த மருத்துவரின் கதியை' என்று பாடம் நடத்துகிறார்கள். நான் வேறு பாடம் படிக்கிறேன். ஈமச்சடங்கின் ஈரம் காயுமுன் புத்தகம் போட்டது தவறுதான். ஆனால் பெரிய தவறு அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. அறிக்கை வெளியிடுவதை நிறுத்தியிருக்கலாம். 'இனி என் உடல்நிலை பற்றிப் பேசமாட்டேன்' என்று அதிபர் அறிவித்திருக்கலாம். மருத்துவர் கையெழுத்திட மறுத்திருக்கலாம். இவற்றில் எதுவும் ரகசியத்தை உடைத்திருக்காது. 1994 இறுதியில் மித்தரானால் அதிபர் பணியைச் செய்ய முடியவில்லை என்று குப்லர் எழுதினார். அது உண்மையானால் கடைசி ஆறு மாதம் பிரான்சை நடத்தியது யார்? இந்தக் கேள்விக்குச் சாட்சி சொல்லத் தகுந்தவர், பல ஆண்டுகள் பொய் அறிக்கையில் கையெழுத்துப் போட்ட அதே மனிதர். அவர் சொல்லை எந்த அளவுக்கு நம்புவது? பொய்ச் சான்று, மருத்துவரின் வாக்குக்கே மதிப்பில்லாமல் செய்துவிடுகிறது. அந்த நஷ்டம் மித்தரானோடு முடிவதில்லை.

நம் நாட்டு விதிகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே வைத்திருக்கின்றன. இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வகுத்த தொழில் ஒழுக்க விதிமுறைகள், நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன. அதே விதிமுறைகள், உண்மையல்லாத, தவறான எண்ணத்தை ஏற்படுத்தும் சான்றில் கையெழுத்திடும் மருத்துவரின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்றும் சொல்கின்றன. முதல் விதியை மட்டும் உரக்கப் படித்துவிட்டு இரண்டாவதை விழுங்குவது நேர்மையில்லை. ரகசியம்கூட எல்லையற்ற உரிமையல்ல. இன்னொருவரின் உயிருக்கு ஆபத்து என்றால் அது விட்டுக்கொடுக்க வேண்டியது என்று உச்ச நீதிமன்றம் 1998இல் ஒரு எச்.ஐ.வி. வழக்கில் சொல்லிவிட்டது. ஒரு மனிதருக்கு வரும் ஆபத்தே ரகசியத்தின் எல்லையைக் குறுக்கும் என்றால், கோடிக்கணக்கானவர்களின் ஆட்சி யார் கையில் இருக்கிறது என்ற கேள்வி எந்தக் கணக்கிலும் சேராதா?

'நோயோடும் நன்றாக ஆண்டவர்கள் இருக்கிறார்களே' என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறார்கள், மறுக்கவில்லை. போலியோவால் கால்கள் செயலிழந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், அமெரிக்காவைப் பொருளாதாரப் பெருமந்தத்திலும் உலகப் போரிலும் வழிநடத்தினார். நோய் ஆளும் தகுதியைப் பறிக்காது என்பதற்கு அவரே சான்று. மறைப்பு என்ன செய்யும் என்பதற்கும் அவரே சான்று. 1944 மார்ச்சில் கடற்படை மருத்துவமனையில் அவரைச் சோதித்த இளம் இதயநோய் மருத்துவர் ஹோவர்ட் புரூயென், கடுமையான ரத்த அழுத்தத்தையும் இதயம் தளர்ந்துவருவதையும் கண்டார். அதிபரின் தலைமை மருத்துவர் ராஸ் மெக்கின்டயரோ, வயதுக்கு ஏற்ற நல்ல உடல்நிலை என்று பத்திரிகையாளர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நவம்பரில் ரூஸ்வெல்ட் நான்காம் முறையாக வென்றார். 1945 ஏப்ரல் 12 அன்று இறந்தார்.

அன்று அதிபரான ஹாரி ட்ரூமன், அதற்கு மூன்று மாதம் முன்புதான் துணை அதிபராகியிருந்தார். அணுகுண்டுத் திட்டத்தைப் பற்றி அவருக்கு யாரும் விளக்கியிருக்கவில்லை. முழு விவரமும் ஏப்ரல் 25 அன்றுதான் அவர் முன் வைக்கப்பட்டது. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. மனிதகுலம் அதுவரை எடுக்காத ஒரு முடிவை, ஆயத்தம் செய்துகொள்ள அவகாசமே கிடைக்காத ஒருவர் எடுக்க நேர்ந்தது. ரூஸ்வெல்ட் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார் என்பது மருத்துவர்களின் கோப்புக்குள் இருந்தது. அடுத்து நாற்காலியில் அமரவேண்டியவருக்கான தயாரிப்பு எங்கும் இல்லை. ரகசியத்துக்கு விலை கொடுப்பவர் நோயாளி அல்லர் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியாது.

அதே வெள்ளை மாளிகையில் 1919 அக்டோபரில் வுட்ரோ வில்சன் பக்கவாதத்தில் விழுந்தபோது, மக்களுக்குச் சொல்லப்பட்டது நரம்புத் தளர்ச்சி. பல மாதங்கள் கோப்புகள் அவர் மனைவி ஈடித் வழியாகவே உள்ளே போய் வெளியே வந்தன. அமைச்சரவையைக் கூட்டிய வெளியுறவு அமைச்சர் லான்சிங்கின் பதவி போயிற்று. வில்சன் தன் உயிராக நினைத்த சர்வதேச சங்க ஒப்பந்தம், அந்த மாதங்களில்தான் செனட்டில் தோற்றது. மக்கள் வாக்களித்தது வில்சனுக்கு, ஈடித்துக்கு அல்ல.

இனி மூன்றாம் வாதம்: உண்மை தெரிந்தால் ஊர் கொந்தளிக்கும். மக்களைக் குழந்தைகளாகக் கருதும் பேச்சு இது. 2009 ஜனவரியில் பிரதமர் மன்மோகன் சிங்குக்கு எய்ம்ஸ் மருத்துவமனையில் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை நடந்தது. அது அவருக்கு இரண்டாவது முறை. முன்கூட்டியே நாட்டுக்குச் சொல்லப்பட்டது. பிரணாப் முகர்ஜி அமைச்சரவைக் கூட்டங்களை நடத்தினார், நிதித்துறையையும் பார்த்துக்கொண்டார். வதந்தி இல்லை, பதற்றம் இல்லை. சில மாதங்களில் நடந்த பொதுத்தேர்தலில் அவருடைய கூட்டணி வென்று, அவரே மறுபடியும் பிரதமரானார்.

தமிழ்நாட்டு வாக்காளர்கள் அதற்கு முன்பே இதை நிரூபித்துவிட்டார்கள். 1984 அக்டோபரில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், பிறகு நியூயார்க்கின் புரூக்லினுக்குக் கொண்டுபோகப்பட்டார். மாற்றுச் சிறுநீரகம் பொருத்த வேண்டிய நிலை. நோயின் முழு ஆழம் தெரியாவிட்டாலும் தலைவர் கடும் நோயாளி என்பது ஊரறிந்த செய்தி. அந்த டிசம்பர் தேர்தலில் அவர் தொகுதிக்கு வராமலே ஆண்டிபட்டியில் வென்றார். கட்சியும் ஆட்சியைப் பிடித்தது. சரியா தவறா என்பது அவரவர் கருத்து. தெரிந்தே வாக்களித்தார்கள் என்பதுதான் இங்கே முக்கியம். நோய் தெரிந்தால் மக்கள் கைவிட்டுவிடுவார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தத் தேர்தலை நினைத்துப் பார்க்கட்டும்.

இந்த அனுபவம் இருந்தும் 2016இல் நாம் என்ன செய்தோம்? செப்டம்பர் 22 இரவு முதலமைச்சர் ஜெயலலிதா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது மறுநாள் செய்தி. அக்டோபரில் வந்த அறிக்கைகளில் தொற்றும் சுவாச உதவியும் இடம்பெற்றன. மருத்துவமனையாவது ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. அரசு என்ன சொன்னது? அமைச்சர்கள் வாசலில் நின்று, அம்மா நலம், இட்லி சாப்பிட்டார் என்றார்கள். அதெல்லாம் பொய், மன்னித்துவிடுங்கள் என்று ஓராண்டு கழித்து மதுரைக் கூட்டத்தில் ஒத்துக்கொண்டவர், அந்த அமைச்சர்களில் ஒருவரான திண்டுக்கல் சீனிவாசன். இதற்கிடையில் சமூக ஊடகத்தில் வதந்தி பரப்பியதாகச் சாதாரண மக்கள் மீது வழக்குகள் பாய்ந்தன, கைதுகளும் நடந்தன. பொறுப்பில் இருந்தவர்கள் சொன்ன பொய்க்கு ஒரு மன்னிப்போடு முடிந்தது. பதிலில்லாத இடத்தில் ஊகித்தவர்களுக்குக் காவல் நிலையம்.

அக்டோபர் 11 அன்று முதலமைச்சரின் துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு மாற்றப்பட்டன; முதலமைச்சரின் ஆலோசனைப்படி என்றது ஆளுநர் மாளிகை. மூன்று தொகுதித் தேர்தலுக்கான கட்சிப் படிவங்களில் கையெழுத்துக்குப் பதில் ஜெயலலிதாவின் கைரேகை இருந்தது. அதை ஒட்டி எழுந்த வழக்கில், திருப்பரங்குன்றம் தேர்தல் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் தீர்ப்பளித்தது. ஜெயலலிதா இறக்கும் வரையான எழுபத்தைந்து நாள் ஒரு மாநிலத்தின் முடிவுகளை எடுத்தது யார் என்ற கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

ரகசியத்தால் அந்த நோயாளிக்காவது நன்மை கிடைத்ததா? 2017 டிசம்பர் 20 அன்று, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தைய நாள், அவர் மருத்துவமனைப் படுக்கையில் இருக்கும் காணொளியைச் சொந்தக் கட்சியிலிருந்து பிரிந்த அணியினர் வெளியிட்டார்கள். உயிரோடு ஆட்சியில் இருந்தபோது மக்களுக்குச் சேரவேண்டிய தகவலை மறைத்தார்கள்; இறந்த பிறகு அந்தப் பெண்மணிக்குச் சேரவேண்டிய மானத்தை வாக்குக்காகக் கடைவிரித்தார்கள். அந்தரங்கம் என்று முழங்கியவர்கள் எதைக் காத்தார்கள் என்பது அன்று வெட்ட வெளிச்சமானது. மருத்துவர்களுக்கும் நன்மை கிட்டவில்லை. அவருடைய மரணத்தை விசாரிக்க ஆறுமுகசாமி ஆணையம் அமைந்து அறிக்கை தர ஐந்து ஆண்டு பிடித்தது. சிகிச்சை முறையாகவே நடந்தது என்று எய்ம்ஸ் குழு சொன்ன பிறகும் ஐயம் ஓயவில்லை. இரவு பகலாக உழைத்த மருத்துவர்களும் செவிலியர்களும் சந்தேகக் கூண்டில் நின்றார்கள். அவர்களை அங்கே நிறுத்தியது மூடிய கதவுதான்.

என் தரப்புக்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. உடல்நிலையைச் சட்டத்துக்குள் கொண்டுவந்தால் அது எதிரிகள் கையில் ஆயுதமாகும் என்பது. வெற்று அச்சமில்லை இது. 1987 நவம்பர் 7 அன்று துனிசியாவில் முதிய அதிபர் பூர்கிபாவை அவருடைய பிரதமர் பென் அலி, ஏழு மருத்துவர்கள் கையெழுத்திட்ட சான்றைக் காட்டிப் பதவியிறக்கினார். பிறகு 2011 வரை தானே ஆண்டார். ஆனால் அந்தச் சான்று எப்படி வந்தது? ஆட்சியைப் பிடிக்கத் துடித்தவரே மருத்துவர்களை அழைத்து வாங்கியது. முன்கூட்டி அமைக்கப்பட்ட, யாருக்கும் கட்டுப்படாத குழு ஒன்று இருந்திருந்தால் அந்த விளையாட்டு அவ்வளவு எளிதில் நடந்திருக்காது. விதி இல்லாத இடத்தில்தான் வலுத்தவர் விதி செய்கிறார். பொய் அறிக்கையும் பொய்ச் சான்றும் ஒரே மரத்தின் இரண்டு கிளைகள்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, குடியரசுத் தலைவர் நோயால் பணியாற்ற முடியாதபோது துணைத் தலைவர் பொறுப்பேற்க வேண்டும் என்று சொல்கிறது. நாட்டை உண்மையில் ஆளும் பிரதமருக்கும் மாநிலத்தை ஆளும் முதலமைச்சருக்கும் அப்படி ஒரு வரி கிடையாது. அரசுப் பேருந்து ஓட்டுநர் வேலையில் சேர உடற்தகுதிச் சான்று கேட்கிறோம்; ஏழு கோடிப் பேரை ஏற்றிச் செல்பவர் மயங்கிக் கிடந்தால் ஸ்டியரிங்கை யார் பிடிப்பது என்பதை எழுதி வைக்கவில்லை.

நான் கேட்பது பெரிதில்லை. தேர்தலில் நிற்க உடற்தகுதித் தேர்வு வேண்டாம். நோயும் ஊனமும் யாருக்கும் தடையாகக் கூடாது. தலைவரின் ரத்தப் பரிசோதனை முடிவுகள் நாளேட்டில் வரத் தேவையில்லை. சிகிச்சையளிக்கும் மருத்துவர் வாய் திறக்க வேண்டாம். அவர் நோயாளிக்கு மட்டும் உரியவராக இருக்கட்டும். அவரோடு தொடர்பில்லாத, முன்பே நியமிக்கப்பட்ட மருத்துவர் குழு ஒன்று இருக்கட்டும். என்ன நோய் என்பதை அது சொல்ல வேண்டாம். இவரால் இன்று முடிவெடுக்க முடியுமா, முடியாதா என்ற ஒரே கேள்விக்கு அமைச்சரவைக்கும் சட்டமன்றத்துக்கும் எழுத்தில் பதில் தரட்டும். குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் தலைவரால் அமைச்சரவையை நடத்த முடியாவிட்டால், பொறுப்பு தானாகவே இன்னாருக்குப் போகும் என்று சட்டம் பெயரிடட்டும். குணமானதும் தானாகவே திரும்பி வரட்டும். அந்த நாட்களில் யார் பெயரால் யார் கையெழுத்திட்டார் என்பது பதிவில் இருக்கட்டும். அரசு சார்பில் பொய்யான உடல்நிலைச் செய்தி வெளியிடுபவர், அமைச்சரானாலும் அதிகாரியானாலும் மருத்துவரானாலும், தண்டிக்கப்படட்டும். பதவியை விட்ட நாளில் தலைவர் மறுபடியும் வெறும் நோயாளி. அன்றிலிருந்து அவருடைய படமும் கோப்பும் முழுக் காவலுக்குள் போகட்டும்.

இப்படி ஒரு சட்டம் முதலில் காப்பது தலைவரைத்தான். சிகிச்சைக்குப் போனால் நாற்காலி போய்விடுமோ என்ற பயம் நீங்கும். சுற்றி நிற்பவர்கள் அவர் பெயரை வைத்து வியாபாரம் செய்ய முடியாது. நினைவிழந்து கிடக்கும் ஒருவர் விரலை மையில் தோய்த்ததாக யாரும் பழி சொல்லவும் முடியாது.

இதை எழுத நல்ல நேரம், எந்தத் தலைவரும் படுக்கையில் இல்லாத நேரம்தான். ஒருவர் விழுந்த பிறகு கொண்டுவரும் சட்டம், சதி என்றுதான் பெயர் வாங்கும். எல்லாக் கட்சித் தலைவர்களும் எழுந்து நடமாடும்போது, யாருக்கு எதிராக என்று யாராலும் சொல்ல முடியாதபோது, நாடாளுமன்றம் இதை நிறைவேற்ற வேண்டும். அடுத்த தேர்தலில் வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியதும் இதுதான்: உங்களால் முடியாமல் போகும் நாளில் எங்களை ஆளப்போவது யார், அதை எங்களிடம் சொல்லப்போவது யார்?